இயைபு விழுந்த இடம்

இரவு இரண்டு மணிக்கு முத்தோரையில்
கேரட் கழுவும் டிரம் சுற்றத் தொடங்கும்.
மண் உதிரும். தண்ணீர் சிவக்கும்.
நான்கு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி நான்கு.
என் முதல் பீட் அதுதான்.
ரப்பர் பூட்ஸுக்குள் விரல்கள் மரத்துப்போன நேரத்தில்
வாய்ப் புகையோடு வெளியே வந்தவை என் வரிகள்.
'மைனஸ் டூ' என்று பெயர் வைத்துக்கொண்டேன்.
ஞானஸ்நானப் பெயர் இக்னேசியஸ்;
அதை அம்மாவும் ரேஷன் கார்டும் மட்டும் சொல்லும்.

காந்தல் மைதானத்தில் வட்டமாக நிற்போம்,
பத்துப் பன்னிரண்டு பேர், நடுவில் ஒரு ஸ்பீக்கர்.
உறைபனி இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும்.
அப்படியொரு நாள் வந்து விழுந்தது:
"கல்லட்டி வளைவு முப்பத்தாறு,
பிரேக்கு எதுக்கு? விட்டுப் பாரு!"

பொருள் பார்த்து எழுதியதில்லை.
அந்த றுவும் இந்த ருவும் ஏட்டில் சேராது,
காதில் சேர்ந்துகொண்டன, சொடுக்குப் போட்டதுபோல்.
அதற்காகவே வைத்துக்கொண்டேன்.
எனக்கு பைக் ஓட்டவே தெரியாது.
மினிபஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறவன் நான்.

ஜெனிட்டனுக்குப் பதினேழு வயது.
வர்க்கிக் கடையில் அடுப்படி வேலை.
மாவு படிந்த போனில்
அந்த இரண்டு வரியை எத்தனை தடவை ஓட்டினானோ.
பத்தொன்பதாவது வளைவில்
என் வரி முடிந்துவிட்டது,
சாலை முடியவில்லை.

கோவையில் ஆபரேஷன்.
முழங்காலுக்குக் கீழே ஒரு தகடு, ஏழு திருகு.

"ஆண்டவர் காப்பாத்திட்டாரு" என்றார் அவன் அம்மா.
"எல்லாம் சாத்தான் வேலை" என்றார்
ஜெபக்கூட்டத்தில் ஒருவர்.
மேலேயும் கீழேயும் பங்கு பிரித்தபின்
எனக்கென்று மீதி எதுவும் இல்லை.
எவ்வளவு வசதி.

குருசடியில் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றேன்.
தடுப்புக்கு அப்பால் சாமியார் இருமினார்.
"ஒரு வரி எழுதினேன், சாமி."
"என்ன வரி?"
சொன்னேன். முழந்தாளிட்டு, பீட் இல்லாமல், மெதுவாக.
அப்போதும் கச்சிதமாகத்தான் விழுந்தது, சனியன்.
"எண்ணம் இல்லாம செஞ்சது பெரிய பாவம் ஆகாதுப்பா" என்று
மூன்று அருள்நிறை மரியே தந்தார்.
மூன்று சொன்னேன். முப்பதும் சொன்னேன்.
ஜெபத்தைக் குறை சொல்லவில்லை.
கேட்டவர் கேட்டார் என்றே நம்புகிறேன்.
ஆனால், வட்டத்தில் எதிரே நிற்கிறவன்போல்
அடுத்த வரிக்குக் காத்திருந்தார்.

"அது கேரக்டர்டா, நீ இல்ல" என்றான் தூனேரி சுஜன்.
அதுவும் நிஜம்தான்.
அடுத்தவன் வரியைத் திருடாதே:
எங்கள் வட்டத்தின் முதல் கட்டளை.
உன் வரியை உதறாதே என்று
இரண்டாவதாக ஒன்றை யாரும் சொல்லித் தரவில்லை.

வார்டில் என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.
திட்டுவான் என்று நினைத்துப் போயிருந்தேன்.
திட்டியிருக்கலாம்.
"அண்ணா, அந்த லைன் ஒரே ஒரு தடவை"
என்று போனைத் தூக்கிப் பிடித்தான்.
பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்.
"கல்லட்டி வளைவு முப்பத்தாறு" என்றேன்.
நிறுத்திக்கொண்டேன்.
மீதியை அவனே சொன்னான்,
சத்தமாக, கட்டுப்போட்ட காலை ஆட்டப் பார்த்து.

திரும்பும்போது பர்லியாறு தாண்டி
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் டிரைவர் மிதித்தார்.
புஸ்ஸென்று காற்று இறங்கும். பிறகு ஏற்றம்.
பதினான்கு தடவை எண்ணினேன்.
இத்தனை வருஷம் இதில் பயணம் செய்தும்
இந்தச் சத்தத்துக்கு ஒரு வரி எழுதத் தோன்றியதில்லை.
இன்றும் வரவில்லை.

இன்று சம்பளம்.
ஒரு திருகுக்குக்கூடக் காணாது.
கவரில் போட்டாயிற்று, மேலே பெயர் எழுத வேண்டும்,
வட்டத்துக்குத் தெரிந்தது அல்ல, மற்றது.
டிரம் சுற்றுகிறது.
பேனா குளிரில் விறைத்துவிட்டது.
வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருக்கிறேன்.